நோன்பு மாதத்தில் குறையும் இருமல்

என் கணவரைப் போல ஒரு நல்ல மனிதர் இல்லையென்று கற்பிட்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்கிறவர்கள் எங்கள் வீட்டு ஹாலில் மூச்சுவிட்டுப் பார்த்ததில்லை. கலியாணம் முடித்த காலத்திலிருந்து அவர் சிகரட் பத்துவது அங்கேதான், மின்விசிறிக்குக் கீழே, சாய்மனைக் கதிரையில்.

அறுபதைத் தாண்டியதும் எனக்கு இருமல் பிடித்தது. பிறகு மூச்சுமுட்டு. கிணற்றடிக்குப் போய்வருவதற்குள் மூச்சு வாங்கும். நின்று தொழுதவள் உட்கார்ந்து தொழ வேண்டியதாயிற்று. அது எனக்குப் பெரிய கவலை.

அப்போது அவருக்கு வந்த கரிசனையைச் சொல்ல வேண்டுமே! முதலில் விறகடுப்பை உடைத்தார். "இந்தப் புகதான் ஒன்னக் கொல்லுது" என்றார், வாயில் சிகரட்டோடு. பிறகு கருவாடு காயவைக்கும் பக்கம் போகக் கூடாதென்றார். அந்தத் தூசு நெஞ்சுக்கு ஆகாதாம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நோன்பு மாதத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் சுகம். பகலில் அவர் நோன்பு. நோன்பு திறந்ததும் பள்ளிக்குப் போய், தராவீஹ் தொழுகை முடித்து, கூட்டாளிமாரோடு கடைத்தெருவில் பத்திவிட்டுத்தான் வருவார். வீட்டில் புகையே இராது. குடும்பமே அதை நோன்பின் பரக்கத், அல்லாஹ்வின் அருள் என்றது. நானும் நம்பி, மற்ற மாதங்களில் திங்களும் வியாழனும் நோன்பு பிடித்தேன். அவர் பக்கத்திலிருந்து பத்தினார், நான் பசியோடு இருமினேன். நல்ல கூத்து!

கடைசியில் புத்தளத்தில் ஒரு டொக்டரிடம் போனோம். நெஞ்சைச் சோதித்துவிட்டு, "எவ்வளவு காலமா சிகரட் குடிக்கிறீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"நானா? அஸ்தஃபிருல்லாஹ்!"

"அப்ப வீட்டுல யாரு?"

என் கணவர் கூரையைப் பார்த்தபடி, விறகடுப்பை உடைத்த கதையைச் சொன்னார். அடுப்புப் புகையும் காரணமாக இருக்கலாம், ஆனால் அடுப்பைத்தான் உடைத்துவிட்டீர்களே என்றார் டொக்டர். பக்கத்திலிருப்பவர் விடும் புகை வருடக்கணக்கில் உள்ளே போனாலும் நெஞ்சு இப்படிக் கெடும், கெட்டது இனித் திரும்பாது, மிச்சத்தையாவது காப்பாற்றுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனிதர் சிகரட் பெட்டியை எடுத்தார்.

"இனி ஜன்னலத் தொறந்து வெச்சிட்டுப் பத்துறன்" என்றார். பெரிய தியாகிதான்!

"இஞ்சாருங்க, நோன்புக்கு ஒரு மாசம் வாயக் கட்ட ஏலுமெண்டா, மத்த மாசத்துல எனக்காக வெளிய முத்தத்துக்குப் போய்ப் பத்த ஏலாதா?"

"நோன்பு பர்ளு புள்ள. அது வேற, இது வேற" என்றவர் நெருப்புப்பெட்டி எடுக்கக் குசினிக்குப் போனார்.

ஆக, என் மூச்சு அவருக்குக் கடமையில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சாய்மனைக் கதிரையை முற்றத்துக்கு இழுத்தேன். வாசல்வரைதான் முடிந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தபடி நின்றேன்.

திரும்பி வந்தவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "பாரம் இழுக்காதெண்டு எத்தின தரம் சொன்னன்? கேட்டாத்தானே!" என்று சொல்லிக்கொண்டே குச்சியை உரசினார்.