பாயில் கிடந்த மணல்

வெங்கடேசன் உச்சி வேளையில் குடிக்கப் போய், பொழுது சாய்ந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறானே, அதை இந்தத் தெருவில் யாராவது ஒரு வாய்ப் பேச்சு பேசியதுண்டா? அவன் பெண்டாட்டி கண்ணகி ஒரு மணி நேரம் சர்பத் கடையில் உட்கார்ந்தால் மட்டும் குழாயடி முழுக்க அதே பேச்சு. இருட்டுக் கடையாம், கலர் விளக்காம், தனியாக உட்கார்ந்து சிரிக்கிறாளாம். சிரிக்கத்தான் செய்கிறாள். அவள் வீட்டில் அதற்கு இடமில்லை, கடையில் சிரிக்கிறாள்.

அரிசி ஆலையில் மூட்டை வாய் தைக்கிற வேலை அவளுக்கு. காலை ஆறு மணிக்குப் போனால் மூன்று மணிக்கு விடுவார்கள். புருவம், காதுமடல் எல்லாம் தவிட்டுத் தூசி. கொண்டையில் செருகிய கோணி ஊசி. அப்படியே நேராகப் பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் பைசல் கடைக்குப் போவாள்.

பைசல் பத்து வருஷம் கப்பலில் இருந்தவன். வெள்ளைக்காரர்கள் ஊர் சுற்றப் போகும் கப்பல். அதற்குள் தீவு மாதிரி ஜோடித்த ‘டிகி பார்’ என்று ஒன்று. அங்கே கிளாஸ் கழுவியவன். திரும்பி வந்ததும் சாராயம் இல்லாமல் அதே போல ஒன்றைக் கள்ளக்குறிச்சியில் கட்டினான். கல்வராயன் மலை மூங்கில், தென்னங்கீற்று, சிவப்பும் பச்சையுமாய் விளக்கு, சுவர் நிறைய நீலக் கடல். தரையில் கோமுகி ஆற்று மணல். பழைய ரிக்கார்டுப் பெட்டியில் வார்த்தையே இல்லாத பாட்டு. நடுநடுவே கிளியும் குரங்கும் கத்தும்.

முதல் நாள் காது கொடுத்துக் கேட்டுவிட்டுக் கண்ணகி சொன்னாள்: “இன்னா தம்பி, கொரங்கு கூட தாளத்துக்குக் கத்துது. எங்கூட்டு ஆளு ஒருநாளும் தாளத்துக்குக் கத்தனதில்ல.”

தினம் வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு மண்குவளை. குயவரிடம் சொல்லிச் செய்தது, சுவரில் அவரவர் ஆணியில் தொங்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பூத முகம். கண்ணகி பொறுக்கிக்கொண்டது முழி பிதுங்கி நாக்கைத் தொங்கவிட்ட ஒன்று. குடிக்கும்போது அதன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொள்வாள். “அதும் கடலப் பாக்கட்டும்.”

நிஜக் கடலை அவள் பார்த்ததில்லை. மாசி மகத்துக்குத் தெருவே வேன் பிடித்துக் கடலூர் போகும். இன்று குழாயடியில் இவளைப் பேசுகிற கமலாதான் அதில் முதல் ஆளாக ஏறுவாள். வெங்கடேசன் விழுந்து கிடப்பான். அவனுக்குக் கஞ்சி காய்ச்ச இவள் நின்றுவிடுவாள். ஆகவே பைசல் கடையில் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் கணுக்கால் வரை மணலில் புதைத்து, கண்ணை மூடிக்கொண்டு உட்காருவாள். நாலரைக்கு எழுந்திருப்பாள். காலை மட்டும் தட்டமாட்டாள். “ஒட்டிக்கினு வரட்டும், எனக்குன்னு வேற இன்னா வருது.”

அந்த மணல்தான் காட்டிக்கொடுத்தது. ஒரு நாள் காலையில் பாயில் மணல் நறநறக்க, வெங்கடேசன் கேள்வி கேட்டான். மிச்சத்தைக் குழாயடியில் கமலா சொல்லிவிட்டாள். அவன் கடை வாசலில் போய் நின்று, சர்பத்தில் சாராயம் கலப்பதாகப் போலீசில் எழுதிக் கொடுப்பேன் என்று கத்தினான். இந்த ஊரில் அந்த ஒரு சொல் போதும், கடைக்குப் பூட்டு விழ. சொன்னவன் வாயில் அடித்த நாற்றத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

அன்று மூன்றரைக்கு அவள் வந்து காலைப் புதைத்து உட்கார்ந்தபோது, ஆணியில் குவளை இல்லை. பைசல் அதைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நாளையிலேர்ந்து பார்சல் வாங்கிக்கினு போயிடுங்க.”

ரிக்கார்டு சுற்றிக்கொண்டிருந்தது. குரங்கு கத்தி முடித்ததும் கேட்டாள்:

“கடலயும் பார்சல் கட்டுவியா தம்பி?”

அவள் தாளைப் பிரித்துக் குவளையை எடுத்து, பழைய ஆணியிலேயே மாட்டினாள். வாசற்படிக்கு வந்து, கடைப் பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். இரண்டு காலையும் கடைக்குள் நீட்டித் தட்டினாள். பிறகு கொண்டையிலிருந்து கோணி ஊசியை உருவி, ஒவ்வொரு விரல் நகத்தின் இடுக்கிலும் இருந்த மணலைக் கிளறி, உள்ளேயே விழும்படி உதறிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.