துணையாள் இல்லாமல் ஒரு ஓட்டு

மூன்றாவது மூதாட்டியையும் அதே ஆள்தான் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தார். அப்போதுதான் நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து மலையடிவாரம் போகும் வழியில் உள்ள ஒரு ஊரின் அரசுத் தொடக்கப் பள்ளி அது. சில ஆண்டுகளுக்கு முன் நடந்த நாடாளுமன்றத் தேர்தல். அந்த வாக்குச்சாவடிக்கு நான் தலைமை அலுவலர். எங்கள் பேச்சில் பி.ஓ. மற்ற நாட்களில் நான் கணக்கு டீச்சர், பெயர் ஸ்டெல்லா, வீடு அதியமான்கோட்டையில். பேப்பரில் முத்திரை குத்திய காலத்தில் விரலுக்கு மை வைக்கும் வேலையில் தொடங்கி, மிஷின் வந்து, அதன் பக்கத்தில் சீட்டுக் காட்டும் பெட்டியும் வந்து, பி.ஓ. ஆகும் வரை பல தேர்தல் பார்த்தாயிற்று.

தர்மபுரித் தொகுதியின் தேர்தல் வரலாற்றை எழுதுகிறவர்கள் எந்த வருஷம் எந்தக் கட்சி ஜெயித்தது, எந்தக் கூட்டணி உடைந்தது, எந்தச் சாதி எந்தப் பக்கம் சாய்ந்தது என்று எழுதுவார்கள். அரூர் முதல் மேட்டூர் வரை பரந்து கிடக்கும் இந்தத் தொகுதியை யாரும் தன் கோட்டை என்று நிம்மதியாகச் சொல்லிக்கொண்டதில்லை என்பார்கள். எல்லாம் சரிதான். ஆனால் அந்த அட்டை மறைப்புக்குப் பின்னால் யாருடைய விரல் பட்டனை அழுத்தியது என்பதை யாரும் எழுதியதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

1. கண் தெரியாதவர்கள்

அந்த ஆளைத் தங்கராசு என்று வைத்துக்கொள்வோம். ஒரு வேட்பாளருக்காக ஊரில் வேலை பார்த்தவர். டிராக்டர் அவருடையது, தண்ணீர் வற்றாத கிணறு அவருடையது, மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்குக் காடும் அவருடையது. ஊரில் பாதிப் பேர் அவரிடம் கூலிக்குப் போகிறவர்கள்.

முதலில் தன் தாயாரை அழைத்து வந்தார். அந்த அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. பார்வை இல்லாதவர் துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. உறுதிமொழி வாங்கிக்கொண்டு அனுமதித்தேன். அடுத்து வேறொரு மூதாட்டி. ஒருவர் ஒரே ஒரு வாக்காளருக்குத்தான் துணையாகப் போக முடியும் என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே வெளியே போய், அந்த மூதாட்டியின் சொந்த மகனை உள்ளே அனுப்பினார். அந்த மூதாட்டிக்கும் பார்வை இல்லை என்பது நடையிலேயே தெரிந்தது.

மூன்றாவதாக வந்தவர் மாதம்மாள். நிலைப்படியில் கிடந்த செருப்புகளுக்கு நடுவே பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தார். சுருக்குப் பையிலிருந்து பூத் சிலிப்பை எடுத்து, தலைகீழாக இருந்ததைத் திருப்பி, முதல் அலுவலராக, அதாவது பி-ஒன்னாக உட்கார்ந்திருந்த சரவணனிடம் நீட்டினார். வாக்காளர் பட்டியலைச் சரிபார்ப்பது அவர் வேலை. தாலுகா ஆபீசில் சேர்ந்து அதிக நாள் ஆகாதவர்.

"இந்த ஆயாவுக்கும் கண்ணு தெரியாதுங்க. நான்தான் போடணும்" என்றார் தங்கராசு.

ஏற்கெனவே ஒருவருக்குத் துணையாக வந்துவிட்டீர்கள், உங்களை அனுமதிக்க முடியாது என்றேன். அப்படியானால் டிரைவரைக் கூப்பிடுகிறேன் என்றார். யாரும் வேண்டாம், முதலில் அவரிடமே கேட்கிறேன் என்றேன். வாசலுக்கு வெளியே இன்னும் ஏழெட்டு மூதாட்டிகள் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஓர் இளந்தாரி.

"ஆயா, உங்களுக்குக் கண்ணு தெரியலீங்களா?"

மாதம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்பவும் இப்படித்தான் டீச்சர் நடக்குது. இதுவரைக்கும் வந்த எந்த டீச்சரும் கேக்கலீங்க" என்றார் தங்கராசு. குரலில் கோபம் இல்லை. எனக்கு விவரம் தெரியவில்லை என்று பரிதாபப்படுகிறவர் போலத்தான் பேசினார்.

"அவங்க கேக்கல. நான் கேக்கறேன். நீங்க வெளிய போங்க."

அவர் நகரவில்லை. சாயங்காலம் மிஷினைத் தூக்கிக்கொண்டு இந்த ஊர் வழியாகத்தான் நான் போக வேண்டும் என்பதை ஞாபகப்படுத்தினார். சரவணன் என் பக்கம் சாய்ந்து, விட்டுவிடலாம் மேடம், நமக்கு எதற்கு என்று முணுமுணுத்தார். வாசலில் நின்ற ஒற்றைப் போலீஸ்காரர் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் போலீஸ்காரரை உள்ளே கூப்பிட்டு, இவர் ஒரு நிமிஷத்தில் வெளியே போகாவிட்டால் வாக்குப்பதிவை நிறுத்தி எழுதி அனுப்பப் போகிறேன் என்று உள்ளே இருந்த எல்லா வேட்பாளர்களின் ஏஜென்ட்களுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அப்போது மாதம்மாள் நிமிர்ந்தார்.

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுங்க. நானே போட்டுக்கறேன்."

தங்கராசு அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"நாளையிலிருந்து கிழங்குக் காட்டுக்கு வர வேணாம்."

"வரலீங்க."

அவ்வளவுதான் சொன்னார். விரலை மைக்கு நீட்டினார். ரேகை வைத்தார். மறைப்புக்குப் பின்னால் தனியாகப் போனார். மிஷின் கீச்சென்று நீளமாகக் கத்தியது. எத்தனையோ தேர்தலில் கேட்ட சத்தம்தான். அன்றைக்கு மட்டும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

2. காலி வரிசை

தங்கராசு வெளியே போய் வரிசையைக் கலைத்தார். இந்த டீச்சர் இருக்கும் வரை நம் ஊர் ஓட்டுப் போடாது என்று அறிவித்துவிட்டார். மூதாட்டிகள் போனார்கள், அவர்களோடு வந்தவர்கள் போனார்கள், பின்னால் நின்ற ஆண்களும் போனார்கள். கொஞ்ச நேரத்தில் பள்ளி வளாகத்தில் நாங்களும் ஏஜென்ட்களும் மட்டும் இருந்தோம். தங்கராசின் வேட்பாளருக்கான ஏஜென்ட் காலை நீட்டி உட்கார்ந்து சோளப்பொரி தின்றுகொண்டிருந்தார்.

மதியம் ஜீப்பில் ஜோனல் வந்தார். பல பூத்துகளைச் சுற்றிப் பார்க்கும் அதிகாரி அவர். வந்ததும் வராததுமாக, மற்ற இடத்தில் எல்லாம் பாதி ஓட்டு விழுந்துவிட்டது, உங்களிடம் மட்டும் ஏன் இந்தப் பிரச்சினை என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன்.

"கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம் இல்லீங்களா மேடம்? கெழவிங்க ஓட்டுத்தானே."

"அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். அனுசரிச்சுப் போறேன்."

அவர் எழுதித் தரவில்லை. வாக்காளர்களை மிரட்டி விரட்டியதாக உங்கள் மேல்தான் புகார் வரும் என்று எச்சரித்தார். அதுவரை எழுந்திருக்காத சரவணன் எழுந்தார். நானும் பார்த்தேன் சார், மேடம் யாரையும் மிரட்டவில்லை, கேட்டால் நானும் எழுதித் தருகிறேன் என்றார். ஜீப் போன பிறகு ஆளை அனுப்பி எனக்கு ஒரு டீ வாங்கி வரச் செய்தார்.

வெயில் தாழும் நேரத்தில் தெருவில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பெண்கள் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் மாதம்மாள். காலையில் திரும்பிப் போன மூதாட்டிகள், அவர்களுடைய மருமகள்கள், இடுப்பில் குழந்தையோடு சில பேர். பள்ளி கேட் அருகே தங்கராசு பைக் மேல் உட்கார்ந்திருந்தார். அவர் ஏதோ சொன்னார். யாரும் நிற்கவில்லை. கேட்டுக்குள் வரும் உரிமை மாதம்மாளுக்கு இல்லை, அவர்தான் ஏற்கெனவே போட்டுவிட்டாரே. அதனால் வெளியே, தங்கராசுக்கு நேர் எதிரே, அவர் மட்டும் நின்றுகொண்டார்.

ஒருவர் கூடத் துணை கேட்கவில்லை. கண் மங்கலாக இருந்த ஒரு மூதாட்டி மட்டும், சின்னங்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று வெளியே ஒட்டியிருந்த போஸ்டரைப் படித்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, தடவிப் பார்த்து அழுத்தினார். பெண்கள் போட ஆரம்பித்த பிறகு ஆண்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். ஆறு மணிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு டோக்கன் கொடுத்து முடிக்க வேண்டியிருந்தது.

மாதம்மாள் அவர்களிடம் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. யாருக்குப் போட்டார்கள் என்றும் தெரியாது. தங்கராசின் வேட்பாளருக்கே கூடப் போட்டிருக்கலாம். அது அவர்கள் இஷ்டம்.

3. விளக்கம்

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் மெமோ வந்தது. பார்வையற்ற மூதாட்டியைக் கைப்பிடித்து இழுத்தேன், ஊர்ப் பெரியவரை அவமானப்படுத்தினேன், வாக்குப்பதிவைத் தடுத்தேன் என்று புகார். கல்வி அலுவலகத்தில் கூப்பிட்டு உட்கார வைத்து, வருத்தம் தெரிவித்து ஒரு வரி எழுதிக் கொடுங்கள், இத்தோடு முடித்துவிடலாம் என்று நயமாகச் சொன்னார்கள். ரிட்டயர்மென்ட் நெருங்குகிறது, பென்ஷன் பேப்பர் சிக்கிக்கொள்ளும் என்றும் சொன்னார்கள்.

நடந்ததை எழுதினேன். கடைசியில், "இதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கணவர் அதைப் படித்துவிட்டு அந்தக் கடைசி வரி தேவையா என்று கேட்டார். தேவை என்றேன்.

விசாரணைக்கு மாதம்மாளையும் அழைத்தார்கள். பஸ் ஏறித் தர்மபுரிக்கு வந்தார். கிழங்குக் காட்டு வேலை போய்விட்டது, நூறு நாள் வேலைக்குப் போவதாகச் சொன்னார். அதிகாரி கேள்வி கேட்க ஆரம்பிக்கும் முன்னே, மாதம்மாள் அந்த மேசை மேல் கிடந்த தினத்தாளில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, இது லாரி, இது மாடு, இது மந்திரி என்று சொன்னார். சரவணனும் சொன்ன சொல்லைக் காப்பாற்றி எழுதிக் கொடுத்திருந்தார். புகாரைக் கைவிட்டார்கள்.

ஆனால் என்னை மாற்றினார்கள். ஒகேனக்கல் சாலையில் பென்னாகரத்தைத் தாண்டி ஒரு பள்ளி. நிர்வாகக் காரணம் என்று ஆர்டரில் இருந்தது. ரத்து செய்யச் சொல்லி யாரையாவது போய்ப் பார் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. இரண்டு பஸ் மாறிப் போய், ஓய்வு பெறும் நாள் வரை அங்கேயே கணக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

இப்போது வேலையில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எலெக்ஷன் டியூட்டி ஆர்டர் வந்ததும் டாக்டர் சர்டிபிகேட்டுக்கு அலையாதீர்கள். போங்கள். அந்த ஒரு நாள், அந்த அறைக்குள், உங்களுக்கு மேலே விதி மட்டும்தான். அடுத்தவர் விரலைப் பிடித்து அழுத்த வருகிறவரை வாசலிலேயே நிறுத்துங்கள். உங்களை மாற்றுவார்கள். மாற்றட்டும். எந்த ஊருக்கு மாற்றினாலும் அங்கேயும் ஒரு பூத் இருக்கும்.