பஞ்சுருட்டான்களின் வாசலில் நின்ற ஜீப்

ஏப்ரல் 26, ஞாயிற்றுக்கிழமை, காலை 8.40. ஒரு ஜீப், இரண்டு சில்லுத் தடங்கள், அந்தத் தடங்களுக்குக் கீழே ஒன்பது பறவை வளைகள். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். அழகான படங்கள் பார்க்க வந்தவர்கள் பழைய பதிவுகளுக்குப் போகலாம். இதில் ஒன்றும் போடவில்லை.

வருடப்பிறப்பு லீவுக்கு ஊர் வந்தவர்களில் சிலர், மட்டக்களப்பில் சரணாலயம் எங்கும் போகாமல் பூங்காக்களிலேயே ஒரு காலையில் பறவை பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். வெயில் முற்ற முன்னம் வருகிற இந்த ஓரிரு வாரங்கள் அதற்கு நல்ல காலம். நான் இருப்பது நாவற்குடாவில். கிழமை நாட்களில் தொலைபேசிக் கோபுரங்களில் ஏறி வேலை, ஞாயிறு மட்டும்தான் எனக்குச் சொந்தம். மோட்டார் சைக்கிள் கராஜில் கிடந்ததால், வேலைச் சாமான் ஏற்ற வழக்கமாக வரும் ஏறாவூர் றமீஸ் நானாவின் ஓட்டோவைப் பேசினேன். அரை நாள், காத்திருப்பும் சேர்த்து, 6,000 ரூபாய்.

முதலாவது, நகரத்துக்குள் வாவிக்கரைப் பூங்கா. 5.50க்குப் போய்விட்டோம். அனுமதி இலவசம். நட்டிருந்த கம்புகளில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. கூழைக்கடா இரண்டு, கறுப்புவெள்ளை மீன்கொத்தி ஒன்று. கரையில் உடும்பு மாதிரிப் பெரிய ஒரு கபரக்கொய்யன், யாரோ வீசிய சோற்றுப் பொதியின் பொலித்தீன் லஞ்ச்ஷீற்றை இழுத்து விழுங்கப் பார்த்துக்கொண்டிருந்தது. குப்பைத் தொட்டி ஐந்து மீற்றர் தள்ளி இருக்கிறது. உடம்பைக் குறைக்க நாலு சுற்று நடக்கிறவர்களுக்கு அந்த ஐந்து மீற்றர் மட்டும் தூரமாகிவிடுகிறது. 7.15க்குப் பிறகு தண்ணீர் மினுங்கி எந்தப் படமும் சரிவராது. அதற்குள் எடுத்து முடியுங்கள்.

அங்கிருந்து தெற்கே, கல்முனை வீதியால் இருபது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. தேற்றாத்தீவில் பால் தேத்தண்ணி குடித்தோம். பிறகு வாவிப் பக்கம் திரும்பும் ஒரு கிறவல் ஒழுங்கை. எந்த ஒழுங்கை என்று எழுதமாட்டேன், கருத்துப் பகுதியில் கேட்கவும் வேண்டாம். அதன் முடிவில் சிறுவர் பூங்காவுக்கென்று ஒதுக்கிய மணல் வெளி. ஒரு ஊஞ்சல், ஒரு சறுக்கு, மீதி முழுக்க மணல். நீலவால் பஞ்சுருட்டான்கள் வருடா வருடம் வருவது அந்த மணலுக்குத்தான். பச்சை உடம்பு, நீல வால், கண்ணை அறுத்துப் போகும் கறுப்புக் கோடு. இவை மரத்தில் கூடு கட்டுவதில்லை. தட்டை மணலில் கைமுட்டி அளவில் வளை தோண்டி, சரிவாக ஒரு மீற்றருக்கு மேல் உள்ளே போய் முட்டையிடும்.

நாங்கள் 8.20க்குப் போனபோது வெளியின் நடுவில் வெள்ளி நிற ஜீப் ஒன்று நின்றது. பின்கண்ணாடியில் சிறுத்தை ஸ்ரிக்கர். இரண்டு ஜன்னலிலும் முழங்கை நீள லென்ஸ். ஊஞ்சல் கம்பியில் பஞ்சுருட்டான்கள் வரிசையாக இருந்தன, பாதிக்கு மேல் அலகில் தும்பியோடு. எனக்கும் கை பரபரத்தது. ஓட்டோவுக்குள் இருந்தபடியே எடுத்துத் தள்ளினேன்.

இருபது நிமிடம் கழித்துத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் படத்திலும் கடைசிப் படத்திலும் ஒரே பறவை, ஒரே தும்பி. தும்பியின் இடப்பக்கச் சிறகு இரண்டு படத்திலும் ஒரே இடத்தில் கிழிந்திருந்தது. பஞ்சுருட்டான் தனக்கென்று பிடித்தால் கம்பியில் இரண்டு அடி அடித்து விழுங்கிவிடும். இருபது நிமிடம் வைத்திருக்கிறது என்றால் அது குஞ்சின் சாப்பாடு. கொண்டுபோய்க் கொடுக்க வழியில்லாமல் வைத்திருக்கிறது.

இறங்கி நடந்து போய்க் குனிந்து பார்த்தேன். ஜீப்பின் வயிற்றுக்கு அடியிலும் முன்னாலும் வளைகள். சில்லுப் போன வழியில் வளைவாய்கள் அமுங்கி, தோண்டிப் போட்ட மணல் குவியல்கள் மட்டும் ஓரத்தில் மிச்சம். ஒன்பது என்று நான் எண்ணியது அந்தக் குவியல்களைத்தான்.

சாரதி ஆசனத்தில் இருந்தவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், கொழும்பிலிருந்து வந்தவர். பக்கத்தில் மற்ற லென்ஸோடு அவருடைய நண்பர். சாரதி எனக்கே வகுப்பு எடுத்தார். நடந்து வந்தால் பறவை கலையுமாம், வண்டிக்கு அது பயப்படாதாம், வண்டிக்குள் ஒளிந்திருந்து எடுப்பதுதான் முறையாம். வனவிலங்குப் படம் சொல்லிக்கொடுக்கிற எல்லா இடத்திலும் சொல்லுவது இதுதான். தார் வீதியில் சரி. மணல் வெளியில் பறவை எங்கே குடியிருக்கிறது என்று பார்க்காமல் இதைச் செய்தால், ஒளிந்திருக்கிற வண்டியே பறவையைக் கொல்லும்.

“பாருங்க தம்பி, ஒரு மணித்தியாலமா அசையாம போஸ் குடுக்குது. எவ்வளவு நம்பிக்கை!”

“அது போஸ் இல்ல அண்ணன். நீங்க அதுகள்ர வாசல்ல நிக்கிறீங்க. உள்ளுக்குக் குஞ்சு பட்டினி.”

மனுசன் பதறி வண்டியை ஸ்ராட் பண்ணினார். பண்ணி, முன்னால் எடுக்கப் பார்த்தார். அடர்த்தியாக வளை இருந்ததே முன்னால்தான். நான் ஓடிப்போய்ப் பொனெற்றில் இரண்டு கையையும் ஊன்றி நின்றேன்.

“தம்பி, உன்னை ஏத்திப்போட்டுப் போனா எனக்கு ஆரு காசு தாற?” என்று பின்னால் றமீஸ் நானாவின் குரல். அதைக் கேட்டுத்தான் ஜீப்காரர் எஞ்ஜினை நிறுத்தினார் என்று நினைக்கிறேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வந்த தடத்தாலேயே பின்னுக்கு எடுக்க வேண்டும். ஒரு சாண் விலகினாலும் இன்னொரு வளை போகும். சில்லு சுழன்றால் மணலைத் தோண்டிவிடும் என்பதால் நாலு ரயரிலும் காற்றைப் பாதியாக இறக்கினேன். நானா பின்னால் மணலில் குப்புறப் படுத்துச் சில்லைப் பார்த்துக் குரல் கொடுத்தார், நான் முன்னால் நின்று கையைக் காட்டினேன். நாற்பது மீற்றருக்கு இருபத்தைந்து நிமிடம்.

ஒழுங்கைக்கு வந்ததும் அவர், “தெரியாதே தம்பி. தெரிஞ்சா செய்வேனா?” என்றார்.

“இவ்வளவு பெரிய லென்ஸ் வாங்கினீங்க. ஒருக்கா இறங்கி நிலத்தைப் பாக்கல்ல.”

“விடு தம்பி, ஆள் அழப்போறார்” என்று நானா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அழவில்லை. ஆனால் போகவும் இல்லை. எங்களோடு ஒழுங்கையிலேயே நின்றார், கமெராவைத் தொடவில்லை.

ஜீப்புக்கு அடியில் தப்பியிருந்த வளைகளுக்குள் இரண்டு நிமிடத்திலேயே பறவைகள் இறங்கின. தடத்தில் வளை அமுங்கிப்போனவை இறங்கி, வளைவாயைத் தேடி, திரும்பக் கம்பிக்குப் போய், மறுபடி இறங்கின. பிறகு சில தும்பியைக் கீழே போட்டுவிட்டுக் காலால் மணலைக் கிளறத் தொடங்கின. 11.10 வரை பார்த்தோம். நாலு வளை திறந்தது. ஐந்து திறக்கவில்லை. நாங்கள் புறப்படும்போதும் கிளறிக்கொண்டுதான் இருந்தன.

பூங்கா என்று பலகை நடத் தெரிந்தவர்களுக்கு, வண்டி உள்ளே வராமல் நாலு கட்டை நடத் தெரியவில்லை. அதையும் எழுதிவைக்கிறேன்.

ஒழுங்கையைத் தாங்களே கண்டுபிடித்து வருகிறவர்களுக்கு: தண்ணீர் கொண்டு வாருங்கள், ஒழுங்கைக்குள் கடை கிடையாது. ஒன்பதரைக்குப் பிறகு நிழலும் கிடையாது. வண்டியைக் கிறவல் ஒழுங்கையிலேயே விடுங்கள். மணலில் சிறு குவியலும் பக்கத்தில் ஓட்டையும் கண்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். ஒரு பறவை இரையை அலகில் வைத்துக்கொண்டு விழுங்காமல் நின்றால், தடையாக நிற்கிறது நீங்கள்தான். விலகுங்கள்.

இனி நான் செய்யப்போவது:

1. அந்தக் கிராமத்து விளையாட்டுக் கழகப் பொடியன்களைக் கண்டு பேசி, நுழைவாயிலில் கட்டை நட அனுமதி கேட்பேன். கட்டைக்கும் கயிற்றுக்கும் ஆகிற செலவை ஜீப்காரர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வாங்குவேன்.

2. கிழிந்த சிறகுத் தும்பியோடு இருக்கிற இரண்டு படங்களையும், எடுத்த நேரம் தெரியும்படி, படப்பிடிப்புக் குழுக்களுக்கு அனுப்புவேன். அழகு என்று யாராவது எழுதினால் பதில் எழுதுவேன்.

3. வியாழன் லீவு போட்டு, காலை ஆறு மணிக்குப் போய், மிச்ச ஐந்தும் திறந்ததா என்று தூரத்திலிருந்து பார்ப்பேன்.

4. திறக்காத ஐந்தையும் தோண்டமாட்டேன். ஞாயிறு முழுக்கக் கை துடித்தது. மேலிருந்து தோண்டினால் மிச்ச வளையும் உள்ளே இடிந்து விழும். தாய் கிளறிக்கொண்டிருக்கும்வரை அது அதனுடைய வேலை.