உள்ளே ஆள் இருக்கும்

கதவைத் தோளால் முட்டிப் பார்க்கிறார் காந்தம் அக்கா. முதலில் கீல் பக்கம், அப்புறம் நடுவில், கடைசியில் கைப்பிடிக்கு நேர் மேலே, தோள் எட்டாத உச்சி மூலையில் உள்ளங்கையால். மின்சாரம் பாய்ந்தால் கதவை இறுக்கிப் பிடிக்கும் காந்தப் பூட்டு மாட்டுவது அவர் தொழில். “கீல் பக்கம் மாட்டினா பூட்டு பேருக்குத்தான் தொங்கும். நெம்புறவன் இந்த மூலையிலதான நெம்புவான்? அதுவும் உள்பக்கம்தான். வெளிய மாட்டினா திருடனுக்கு நாமளே ஸ்க்ரூட்ரைவர் குடுத்த மாதிரி.” காதில் செருகிய பென்சில் இறங்கும், நிலையின் மேற்சட்டத்தில் ஒரு பெருக்கல் குறி விழும்.

ஆறடிக்கு மேல் வளர்ந்த கிடங்கு முதலாளி ஒருவர் பூட்டில் நெற்றியை இடித்துக்கொண்டு கத்தினார். தப்பு அக்காவுடையதுதான். “கதவை அளந்தேன், உங்களை அளக்காம விட்டுட்டேன் சார்” என்று சொல்லி, அன்றைக்கே கழற்றி ஏற்றி மாட்டினார்.

ஒன்றில் மட்டும் விளையாட்டு கிடையாது. உள்ளிருந்து திறக்கும் பட்டன் கதவோரச் சுவரில், இடுப்பு உயரத்தில் இருந்தாக வேண்டும். அதைத் தன் மேசைக்கடியில் வைக்கச் சொன்ன கடைக்காரரிடம், “உள்ள ஆள் இருக்கும்ல?” என்று கேட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்தக் கேள்வி அவருடைய சொந்தச் சரக்கில்லை. இருவருமாகத் தொழில் செய்த காலத்தில் கணவர் போகிற இடமெல்லாம் கேட்டது.

அந்தக் கணவருக்கு இப்போது நினைவு நிற்பதில்லை. கொஞ்சம் கண் அசந்தால் தெருவில் இறங்கிவிடுகிறார். போன வாரம் லாரிகள் போகிற சாலை நடுவே நின்றவரை யாரோ கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். அக்காவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஊரார் கதவுக்கெல்லாம் இடம் பார்த்துச் சொன்னவர், சொந்த வீட்டுக் கதவில் குறி போடுவதும் அழிப்பதுமாக இருந்தார். பூட்டுக்கான மூலையில் சிக்கலில்லை. பட்டன்தான். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு, பட்டனே வைக்காமல், திறக்கிற ரிமோட்டைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

மாட்டி முடித்த மாலை, கணவர் கதவருகே வந்தார். உச்சி மூலையில் உள்ளங்கையை வைத்து ஒரு தள்ளு தள்ளினார். “பிடிப்பு நல்லா இருக்கு. சரியான இடம்.” பிறகு கதவோரச் சுவரை இடுப்பு உயரத்தில் தடவினார். தடவிய இடத்தையே மறுபடியும் தடவினார்.

“யாரு மாட்டினது? பட்டனை விட்டுட்டானே. உள்ள ஆள் இருக்கும்ல?”

அக்கா ரிமோட்டை அழுத்தினார். பூட்டு பிடியை விட்டது. குனிந்து அவருடைய செருப்பை எடுத்துத் தெருவைப் பார்த்து நேராக வைத்தார், பக்கத்தில் தன்னுடையதையும்.