எலிசபெத் அக்காவின் ஒரே கேள்வி

போனில் எலிசபெத் அக்காவின் எண்ணைப் பார்த்ததும், அவர் கோபம் தீர்ந்துவிட்டது என்று ஆசையாக எடுத்தேன். பேசியது அவர் மகன். "அம்மா தவறிட்டாங்க. ரெண்டே நாள் காய்ச்சல். போன்ல 'பூதலூர் லூபஸ்'னு உங்க நம்பர் இருந்துச்சு. நீங்க யாருங்க?"

"தெரிஞ்சவங்க" என்றேன்.

வலங்கைமான்காரர்களே, நடவு நாளில் குடையும் முழுக்கைச் சட்டையுமாக வரப்பில் நின்ற உங்கள் ஊர் எலிசபெத் அக்காவை 'மகாராணி' என்று கேலி செய்தீர்கள். வெயில் பட்டால் கன்னம் சிவந்து, மூட்டு வீங்கிப் படுத்துவிடுவார் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? "மகாராணி வந்துட்டேன், வேலையப் பாருங்கடி" என்று அவரே சொல்லிச் சிரிப்பாராம்.

எனக்கும் அதே லூபஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஏழு வருடம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். முதலில் வருபவர் அடுத்த நாற்காலியில் குடையை வைத்து இடம் பிடிப்பார்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?" என்று டாக்டர் கேட்டபோது, அம்மா முந்திக்கொண்டு, "எங்க வம்சத்துலயே கிடையாதுங்க" என்றார். தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். நானும் தலையாட்டினேன். முகம் சிவந்து, சிறுநீரகம் கெட்டு, முப்பது வயதில் போன சித்தியை இருவருமாக மறைத்தோம். தங்கையிடம்கூட எனக்கு வாதம் என்றுதான் சொல்லியிருந்தோம்.

அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "நானும் இப்படித்தான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். என் தங்கச்சி கைகால் வீங்குதுன்னா. மாசமா இருந்தா அப்படித்தான்னு விட்டுட்டோம். புள்ளையும் இல்ல, அவளும் இல்ல."

"ரத்தத்துல இருந்தா எல்லாருக்கும் வந்துடுமாக்கா?"

"விதைநெல்லு மூட்டையில கிடந்தா முளைச்சிடுமா? தண்ணி படணும்ல. பல பேருக்கு வராமலே போயிடும். ஆனா வீட்ல இருக்குன்னு தெரிஞ்சாத்தானே சீக்கிரம் பாக்க முடியும்?"

அதன்பின் எப்போது பார்த்தாலும், "தங்கச்சிகிட்ட சொல்லிட்டியாம்மா?" கல்யாணம் முடியட்டும் என்றேன். முடிந்தது. ஒரு குழந்தை பிறக்கட்டும் என்றேன். அக்காவுக்கு வந்ததே கோபம்! "அவளையும் கொல்லப் போறியா?" என்று எல்லோர் முன்னும் கத்தினார். நான் ரோஷப்பட்டு, என் முறையை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன். எட்டு மாதம் பேசவில்லை. என்ன முட்டாள்தனம்!

அடக்கத்தில் ஓர் அம்மாள், "நீங்க எந்த வகையில சொந்தம்?" என்று கேட்டார்.

"அவங்களுக்கு இருந்த வியாதி எனக்கும் இருக்குங்க" என்றேன். வெளியாரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல்முறை. கல்லறைத் தோட்ட வாசலிலேயே நின்று தங்கைக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "காலையில விரல மடக்க முடியலக்கா, ரெண்டு மாசமா" என்று அழுதாள்.

போன செவ்வாய் அவளை அழைத்துப் போனேன். டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். "எனக்கு இருக்குங்க. எங்க சித்திக்கும் இருந்திருக்கணும்" என்றேன். அவளுக்குப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

அன்று தங்கை பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போயிருந்தபோது, ஒரு பெண் என் பக்கத்து நாற்காலியைக் காட்டி, "யாராச்சும் வராங்களா?" என்றாள். பழைய பழக்கத்தில் குடையை வைத்திருக்கிறேன். எடுத்துக்கொண்டேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான். சொல்லிட்டேன்க்கா. கேட்கத்தான் நீங்கள் இல்லை.