நில்லுங்கோ, கொளுத்திறன்

கோலியர்ஸ் வுட்டில் மழைக்கு ஒரு பழைய செங்கல் கட்டடத்து வாசலில் ஒதுங்குகிறேன். ஒரு காலத்தில் இந்தத் தெருக்காரர்களே சேர்ந்து நடத்திய தீயணைப்பு நிலையம் என்கிறது கதவருகே உள்ள பலகை. இப்போது ஞாயிறுதோறும் இங்கே தமிழ் வகுப்பு. சாவி வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் என்னைக் கூப்பிடுகிறார்.

"உள்ளுக்கு வாங்கோ தங்கச்சி. ஒரே இருட்டு. நில்லுங்கோ, கொளுத்திறன்."

மதுரைக்காரி நான் விறைத்துப்போய் நிற்கிறேன். தீயணைப்பு நிலையத்தில் இவர் எதைக் கொளுத்தப் போகிறார்?

"எதைங்க?"

"லைற்றைத்தான்!" சுவிட்சைத் தட்டுகிறார்.

சுவரில் ஒரு பித்தளை மணி, பக்கத்தில் அந்தக் காலத்தில் தீயணைத்த மீசைக்கார வெள்ளைக்காரர்களின் பழைய படம்.

"இவர் இறைச்சிக்கடைக்காரர். இவர் பாண் போடுறவர்."

வெள்ளைக்காரர் வெற்றிலை போடுவாரா என்று குழம்புகிறேன். பாண் என்றால் ரொட்டி என்பது புரிய ஒரு நிமிடம் ஆகிறது.

"சம்பளம் ஒண்டும் இல்லை. மணி அடிச்சால் கடையைப் போட்டது போட்டபடி ஓடுவினம்."

"எரியிறது யார் வீடுன்னு கேக்க மாட்டாங்களா?"

"அப்பிடிக் கேட்டதா ஒரு இடத்திலயும் எழுதேல்லை." படத்தின் கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைக்கிறார். "அங்கை கலவரத்திலை எங்கட வீட்டைக் கொளுத்தேக்கை, றோட்டு நிறையச் சனம் பாத்துக்கொண்டு நிண்டது."

சிரிப்பதற்குத் தயாராக இருந்த என் முகத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்தக் 'கொளுத்த'லுக்கு எங்கள் ஊரிலும் அதே அர்த்தம்தான்.