புருஷன் கையெழுத்து

எண்பதுகளின் கடைசியில் மலேசியாவில் கிள்ளான் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் நர்ஸ் பயிற்சியில் இருந்தேன். கருக்கலைப்புப் பாடத்தை டியூட்டர் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார். தாயின் உயிருக்கு ஆபத்தென்றால் டாக்டர் செய்யலாம் என்றார். யாருடைய சம்மதத்தில் என்று அவரும் சொல்லவில்லை. வெட்கப்பட்டு நாங்களும் கேட்கவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்வதில் அப்போது என்னை மிஞ்ச ஆளே கிடையாது.

ஜெஞ்சாரோம் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். இருதயத்தில் கோளாறு, வயிற்றில் நான்காவது பிள்ளை. சுமந்தால் பிழைப்பது கஷ்டம், சீக்கிரம் கலைத்துவிடலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்குப் புருஷனிடம் கையெழுத்து வாங்குவதை வார்டில் பார்த்துப் பழகியிருந்த நான், யாரையும் கேட்காமல், "புருஷன் கையெழுத்து வேணும்க்கா, வாங்கிட்டு வாங்க" என்று ஃபாரத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

பத்து நாளாகியும் ஆள் வரவில்லை. ஹாஸ்டலில் என் அறைத்தோழியிடம் சொன்னேன். வாயில் ரொட்டி சானாயோடு கத்தினாள்.

"எந்தச் சட்டத்துலடி அப்படி இருக்கு? உயிர் போகப்போறது அவங்களுக்கா, அவங்க புருஷனுக்கா?"

அவளே போய் டாக்டரிடம் கேட்டாள். அக்காவின் சம்மதமே போதும், நாள் தள்ளத் தள்ள ஆபத்து என்றார். வார்டு ரெஜிஸ்டரில் அக்காவின் விலாசத்தைத் தேடி எடுத்தேன். மறுநாள் எங்களுக்கு ஆஃப். ஜெஞ்சாரோம் பஸ்ஸில் அவள் என்னோடு பேசவேயில்லை. ஆனால் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாள். அவள் கோபமே அப்படித்தான்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டு வாசலில் அக்கா பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மறைக்கப் பார்த்தார். தாள் முழுக்க ஒரே கையெழுத்து, கோணல்மாணலாக.

"அவரு எங்கள விட்டுட்டுப் போயி ரெண்டு மாசமாச்சு மிஸி. பழைய கடுதாசியில அவரு கையெழுத்து இருந்துச்சு. பாத்துப் பாத்துப் பழகுறேன். இன்னும் சரியா வரமாட்டேங்குது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தோழி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அதெல்லாம் வேணாம் லா அக்கா. இவ தெரியாம சொல்லிட்டா. உங்க பேரை எழுதினா போதும்."

அக்கா கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். "என் பேரு எழுதத் தெரியாதே மிஸி."

கிள்ளானுக்குத் திரும்பும் பஸ்ஸில் தோழி, எங்களோடு வந்த அக்காவின் கையைப் பிடித்து எழுதப் பழக்கிக்கொண்டே வந்தாள். கட்டைவிரல் ரேகையே போதும் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அந்த ஒரு தடவை நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் ஃபாரத்தில் அக்கா தன் பெயரைத் தானே எழுதினார். கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிப் போயிருந்தது. அக்கா பிழைத்துக்கொண்டார்.